போனி கிளப்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தில் நகரத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளிக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் ஒன்றிரண்டு பிள்ளைகளாவது சனிக்கிழமை காலையில் குதிரை லாயத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களைக் கூட்டிப் போகும் அப்பா அம்மாக்களும், ஊரிலிருந்து வீடியோ காலில் எட்டிப் பார்க்கும் தாத்தா பாட்டிகளும் கேட்டவைதான் கீழே இருப்பவை. மகளுக்காக லாய வாசலில் நிறைய நேரம் நிற்பவன் என்பதால் பதில் சொல்லும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. கேள்விகளை அவரவர் கேட்ட வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன்.

போனி கிளப் என்றால் குதிரைச் சவாரி சொல்லித்தரும் ஸ்கூலா?

ஸ்கூல் இல்லை. பிரிட்டனில் 1929-ல் தொடங்கிய ஓர் இளையோர் அமைப்பு. சாரணர் இயக்கம் மாதிரி ஊர் ஊராகக் கிளைகள், கிளைக்கு ஒரு பொறுப்பாளர், பேட்ஜ், பரீட்சை, கோடை முகாம் எல்லாம் இதிலும் உண்டு. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு குதிரை நிற்கும், அவ்வளவுதான்.

ரைடிங் ஸ்கூல் என்பது தொழில். காசு கட்டினால் அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ சவாரி கிடைக்கும். போனி கிளப்பை நடத்துபவர்களோ பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். கிளையின் தலைமைப் பொறுப்புக்கு 'டிஸ்ட்ரிக்ட் கமிஷனர்' என்று பெயர். கேட்டால் கலெக்டர் ரேஞ்சுக்கு இருக்கும். நேரில் பார்த்தால் முழங்கால்வரை சேறு அப்பிய பூட்ஸோடு யாரோ ஒரு பிள்ளையின் அம்மா நின்றுகொண்டிருப்பார்.

போனி என்றால் குதிரைக் குட்டிதானே?

இல்லை. போனி வளர்ந்து முடிந்த பிறகும் சின்னதாகவே இருக்கும் குதிரை. தோள்மேட்டு உயரம் 14.2 'ஹேண்ட்', அதாவது சுமார் 148 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பொதுவாக அதைப் போனி என்பார்கள். ஒரு ஹேண்ட் நான்கு அங்குலம். புள்ளிக்குப் பின்னால் வருவது மீதி அங்குலம். 14.2 என்றால் 58 அங்குலம்.

பிரிட்டனில் இவை பல ஊர்களின் சொந்தச் சரக்கு. ஷெட்லாண்ட், எக்ஸ்மூர், டார்ட்மூர், வெல்ஷ், நியூ ஃபாரஸ்ட், ஹைலாண்ட் என்று ஒவ்வொரு குன்றுக்கும் காட்டுக்கும் ஓர் இனம். ஷெட்லாண்ட் 42 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, ஆனால் அந்த உடம்புக்கு அதன் பலம் அசாத்தியம். நிலக்கரிச் சுரங்கங்களில் வண்டி இழுத்தவை இந்த மாதிரிச் சின்ன ஜாதிகள்தான். பிள்ளைகளுக்குத் தோதான உயரத்தில் இத்தனை வகைக் குதிரைகள் கையெட்டும் தூரத்தில் இருந்திராவிட்டால் இப்படி ஓர் அமைப்பு அங்கே வேர் பிடித்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

யார் ஆரம்பித்தது? எந்த வருஷம்?

1925-ல் 'இன்ஸ்டிட்யூட் ஆஃப் தி ஹார்ஸ்' என்றொரு சங்கம் லண்டனில் உருவானது. குதிரையேற்றத்தின் தரத்தை உயர்த்துவது அதன் நோக்கம். அதன் இளையோர் பிரிவாக 1929 நவம்பரில் போனி கிளப் பிறந்தது. 1947-ல் தாய்ச் சங்கம் இன்னொரு சங்கத்தோடு சேர்ந்து 'பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி' ஆனது. போனி கிளப்பும் அதன் குடைக்குள் போனது. ஐம்பது வருஷம் அங்கே இருந்துவிட்டு 1997-ல் தனி அறக்கட்டளையாகப் பிரிந்தது.

இந்த நான்கு வருஷங்களைத் தெரிந்துவைத்தால் போதும். நிர்வாகப் பெயர் மாற்றங்களைவிட, யார் யாரெல்லாம் உள்ளே வந்தார்கள் என்பதில்தான் கிளப்பின் உண்மையான கதை இருக்கிறது.

காரும் டிராக்டரும் வந்த பிறகு போய் எதற்குக் குதிரைக்கு ஒரு கிளப்?

அவை வந்ததால்தான். 1914-ல் முதல் உலகப் போர் வெடித்தபோது பிரிட்டன் ராணுவம் சில வாரங்களுக்குள் லட்சத்துக்கும் அதிகமான குதிரைகளை வயல்களிலிருந்தும் வண்டிக் கொட்டகைகளிலிருந்தும் பிடித்துப் போனது. போர் முடிந்தபோது குதிரைக்கு இருந்த வேலைகளும் ஒவ்வொன்றாக இயந்திரத்தின் கைக்குப் போகத் தொடங்கின. 1928-ல் பதினோராவது ஹுஸ்ஸார், பன்னிரண்டாவது லான்ஸர் என்ற இரண்டு குதிரைப்படைப் பிரிவுகள் குதிரைகளை விட்டுவிட்டுக் கவச வண்டிகளுக்கு மாறின. அதற்கு அடுத்த வருஷம் போனி கிளப்.

முன்பெல்லாம் குதிரையைப் பார்த்துக்கொள்ளும் அறிவு தனியாகச் சொல்லித்தர வேண்டியதாக இல்லை. வண்டிக்காரர், லாடம் அடிப்பவர், உழவர் என்று தெருவெங்கும் அது கிடந்தது. பிள்ளை பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டது. தொழில் போனதும் அந்த அறிவும் ஒரு தலைமுறைக்குள் போய்விடும் நிலை. இன்னொரு பக்கம், குதிரைப்படையில் பயிற்சி பெற்ற அதிகாரிகள் ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார்கள். சொல்லித்தர ஆளும் இருந்தது, கற்றுக்கொள்ளப் பிள்ளைகளும் இருந்தார்கள். 'ராலி' என்று கூப்பிடப்படும் பயிற்சி நாள், வரிசையாக நிறுத்திச் சோதிக்கும் இன்ஸ்பெக்ஷன், பெயருக்கு முன்னால் கர்னலும் மேஜரும் ஒட்டிக்கொண்ட பழைய பொறுப்பாளர் பட்டியல் என்று கிளப்பின்மீது வெகுகாலம் ராணுவ வாடை அடித்ததற்குக் காரணம் இதுதான்.

கிளைகளின் பெயரில் 'ஹன்ட்' என்று வருகிறதே, பிள்ளைகளை நரி வேட்டைக்கா கூட்டிப் போனார்கள்?

ஆமாம், அதை மறைக்க ஒன்றும் இல்லை. நாடு முழுக்கக் கிளை வைக்க வேண்டும் என்றதும் கைக்கு எளிதாகக் கிடைத்தது வேட்டைக் குழுக்களின் வரைபடம்தான். எந்தக் குழு எந்த எல்லைக்குள் வேட்டையாடலாம் என்று கிராமப்புறம் முழுக்க ஏற்கெனவே பிரித்துவைத்திருந்தார்கள். அந்த எல்லைகளையே கிளை எல்லைகளாக எடுத்துக்கொண்டார்கள், பெயரும் கூடவே வந்தது. விடுமுறைக் காலத்தில் பிள்ளைகள் வேட்டைக்குப் போவதும் அன்றைக்குப் பயிற்சியில் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை விட்டு நரியைக் கொல்லும் வேட்டைக்கு 2004-ல் சட்டம் தடை போட்டது. 2005 பிப்ரவரி 18-ல் அமலுக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் அதற்கும் முன்பே, 2002-ல். இன்றும் பல கிளைகள் பழைய பெயரோடு இருக்கின்றன. அது சிலருக்கு உறுத்துகிறது, சிலருக்கு ஊர்ப் பெயர் மாதிரி ஆகிவிட்டது. என்னைக் கேட்டால், பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் உங்கள் ஊர்க் கிளை என்னென்ன நடவடிக்கை வைத்திருக்கிறது என்று நேராகவே கேட்டுவிடுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அப்படியென்றால் இது பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கான கிளப்தானே?

ஆரம்பத்தில் பெரும்பாலும் அப்படித்தான். சொந்தக் குதிரை, அதை நிறுத்த இடம், மேய ஒரு புல்வெளி ஆகியவை இருந்தால்தான் உள்ளே வர முடியும். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் இதில் விதிவிலக்கு. பணம் இல்லாவிட்டாலும் அவர்களுக்குப் புல்வெளி இருந்தது. வண்டி இழுத்த போனியிலேயே ஏறிவிடுவார்கள்.

ஆனால் 'பணக்காரர் கிளப்' என்று அத்தோடு முடித்துவிட்டால் பாதிக் கதை போய்விடும். இந்தக் குறை உள்ளே இருந்தவர்களுக்கும் தெரிந்திருந்தது. சும்மா ஒரு போனி வைத்திருக்கும் பிள்ளைக்கு 1957-ல் ஒரு வழி திறந்தது, போனியே இல்லாத பிள்ளைக்கு வெகுகாலம் கழித்து இன்னொன்று. இரண்டையும் கீழே தனித்தனியாகச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது கிளப் என்ன ஆனது?

பெரும்பாலான நடவடிக்கைகள் முடங்கின. நடத்த ஆளில்லை, தீவனமும் தட்டுப்பாடு. பெட்ரோல் ரேஷன் வந்ததால் கிராமங்களில் போனிகள் மறுபடி வண்டி இழுத்தன. போர் முடிந்ததும் கிளப் வேகமாக வளர்ந்தது. இதைவிட ருசியான கதை அடுத்த கேள்வியில்.

இளவரசர் பிலிப் பெயரில் ஒரு கோப்பை இருக்கிறதாமே, அது எப்படி வந்தது?

1950-களில் பிள்ளைகளுக்கான குதிரைப் போட்டி என்றால் அழகான, விலையுயர்ந்த போனி வைத்திருப்பவர்தான் ஜெயிப்பார் என்ற நிலை. சாதாரணப் போனி வைத்திருக்கும் சாதாரணப் பிள்ளையும் ஜெயிக்கக்கூடிய ஒரு போட்டி வேண்டும் என்று பிலிப் நினைத்தார். அந்த எண்ணத்தைக் களத்துக்குக் கொண்டுவந்தவர் கர்னல் மைக் ஆன்செல். 1940-ல் பிரான்சில் போரில் காயம்பட்டுக் கண்பார்வையை இழந்தவர். பார்வை போன பிறகுதான் பிரிட்டனின் குதிரைத் தாண்டல் போட்டிகளை அவர் மறுபடி கட்டியெழுப்பினார். 1949-ல் லண்டன் ஹாரிங்கேயில் 'ஹார்ஸ் ஆஃப் தி இயர் ஷோ'வைத் தொடங்கியவரும் அவர்தான்.

அந்தக் கண்காட்சியிலேயே 1957-ல் முதல் பிரின்ஸ் பிலிப் கோப்பை நடந்தது. கிளைக்கு ஓர் அணி, வட்டாரச் சுற்றுகள், ஜெயித்தவர்கள் மட்டும் இறுதிக்கு. கண்காட்சி ஹாரிங்கேயிலிருந்து வெம்ப்ளிக்கும், 2002-ல் அங்கிருந்து பர்மிங்காமுக்கும் இடம் மாறியது. கோப்பையும் கூடவே போனது. பெரிய ஷோவின் விளக்கு வெளிச்சத்தில், உலகத் தரக் குதிரைகள் ஓடும் அதே மணலில், எந்த வம்சம் என்றே தெரியாத குட்டைப் போனிகள் பாய்ந்து வருவதைப் பார்க்கக் கூட்டம் கூச்சல் போடும். கிளப்பின் வரலாற்றில் ஒரே ஒரு திருப்பத்தைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

அந்த விளையாட்டில் அப்படி என்னதான் செய்வார்கள்?

வேகமான ரிலே ஓட்டம்தான், ஆனால் குதிரைமேல். வரிசையாக நட்ட கம்பங்களுக்கு இடையில் வளைந்து வளைந்து போய்த் திரும்புவது ஒன்று. ஒரு கூம்பிலிருந்து கொடியைப் பிடுங்கி ஓடும் வேகத்திலேயே இன்னொரு கூம்பில் செருகுவது இன்னொன்று. சாக்கு ஓட்டம், கரண்டியில் முட்டை என்று நம் பள்ளி விளையாட்டு விழாவில் பார்த்தவையும் உண்டு.

பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியது அவர்கள் ஏறும் விதத்தைத்தான். போனி நிற்காது. பிள்ளை அதன் தோளோடு ஒட்டி ஓடும், ஒரு கை பிடரி மயிரில். முன்னங்கால்கள் தரையில் படும் கணத்தில் இரண்டு காலையும் சேர்த்து ஒரு எம்பு எம்பினால், போனியின் வேகமே ஆளைத் தூக்கிச் சேணத்தில் போட்டுவிடும். அங்கவடியைத் தேடவெல்லாம் நேரமில்லை, கால் தொங்கியபடியே அடுத்த கம்பம் வந்துவிடும். இதற்கு விலை உயர்ந்த குதிரை பிரயோஜனமில்லை. குட்டையாக, சட்டென்று திரும்புவதாக, கொடி முகத்துக்கு நேரே படபடத்தாலும் மிரளாததாக இருக்க வேண்டும்.

இந்த மாதிரி விளையாட்டுகளுக்கும் நமக்கும் ஒரு தொடுப்பு உண்டு. பிரிட்டிஷ் இந்தியாவின் ராணுவக் குடியிருப்புகளில் 'ஜிம்கானா' என்ற பெயரில் நடந்த குதிரை விளையாட்டுகள்தான் இங்கிலாந்துக் கிராமத் திருவிழாவுக்குப் போய்ச் சேர்ந்தன. சென்னைக்காரர்களுக்கு ஜிம்கானா என்றால் 1884-ல் தொடங்கிய தீவுத்திடல் பக்கத்துக் கிளப்தான் நினைவுக்கு வரும். இங்கே பிள்ளைகளுக்கு அது கம்பமும் கொடியும்.

டி, சி, பி, ஏ என்று ஏதோ டெஸ்ட் சொல்கிறார்களே, அது என்ன?

படிப்படியான தகுதித் தேர்வுகள். டி அடிமட்டம், ஏ உச்சம். நடுவில் டி பிளஸ், சி பிளஸ் என்று பிற்காலத்தில் சேர்ந்தவையும் உண்டு. டி-யில் ஒழுங்காக ஏறி இறங்கத் தெரிகிறதா, போனியின் உடம்பில் எது எது என்ன பெயர் என்று தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பி வரும்போது புதிய குதிரையில் ஏற்றிவிட்டு, அது எப்படிப்பட்டது என்று கேட்பார்கள். ஏ தேர்வு ரொம்பக் கறார். தேறியவர்கள் குறைவு, தேறினால் குதிரை உலகத்தில் அதற்குத் தனி மதிப்பு.

ஒவ்வொரு தேர்விலும் சவாரி பாதி, பராமரிப்பு பாதி. தேறினால் கிளப் பேட்ஜுக்குப் பின்னால் ஒரு வட்டத் துணித்துண்டு வைத்துக் குத்திக்கொள்ளலாம். டி-க்கு மஞ்சள், சி-க்கு பச்சை, பி-க்கு சிவப்பு, ஏ-க்கு நீலம். கோட்டைப் பார்த்ததுமே எந்தப் படியில் இருக்கிறார் என்று தெரிந்துவிடும். எந்த மெடலையும்விட இந்தத் துணித்துண்டுக்குத்தான் எங்கள் வீட்டில் மவுசு.

சவாரிக்குச் சேர்த்தால் சாணி அள்ள விடுகிறார்களே, இது நியாயமா?

நியாயம்தான். மேலே சொன்னபடி, கிளப் பிறந்ததே அந்த அறிவு அழியாமல் இருக்கத்தான். 1950-ல் பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியும் போனி கிளப்பும் சேர்ந்து ஒரு கையேடு போட்டார்கள். இன்றுவரை திருத்தித் திருத்தி அச்சாகிறது. அதன் கணிசமான பகுதி தீவனம், குளம்பு, நோய், சேணம் பற்றியதுதான்.

ஓர் உதாரணம். போனியைக் கட்டும்போது கயிற்றைச் சுவர் வளையத்தில் நேரடியாகக் கட்டக் கூடாது. வைக்கோல் கட்டும் மெல்லிய சணலால் அந்த வளையத்தில் சின்னதாக ஒரு சுருக்குப் போட்டு, அந்தச் சணலில்தான் கயிற்றை முடிய வேண்டும். அதுவும் நுனியை இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சு. போனி மிரண்டு பின்னால் இழுத்தால் சணல் அறுந்துபோகும். கழுத்தும் தப்பும், சுவரும் தப்பும். பத்து பைசா சமாச்சாரம், ஆனால் அதற்குள் எத்தனை பேரின் பட்டறிவு இருக்கிறது.

இன்னொன்று நம்மவர்களுக்கு நம்பவே வராது. நல்ல பச்சைப் புல் போனிக்கு ஆபத்து. வசந்த காலத்தில் துளிர்க்கும் இனிப்பான புல்லை வயிறு முட்டத் தின்றால் குளம்புக்குள் அழற்சி வந்து நிற்க முடியாமல் போகும். வறண்ட குன்றுகளில் பிழைத்து வந்த ஜாதி அது, வளம் தாங்காது. அதனால் ஏப்ரல் மே மாதங்களில் மேய்ச்சலைச் சுருக்கி வேலி போடுவார்கள், சிலவற்றுக்கு வாய்மூடி மாட்டுவார்கள். ஊரிலிருந்து வந்த பாட்டி ஒருவர் 'வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுகிறார்களே' என்று கண் கலங்கினார். ஆறு வயதுப் பிள்ளை ஒன்று நின்று அவருக்குக் காரணத்தை விளக்கியது.

கேம்ப் கேம்ப் என்று வருஷம் முழுக்கப் பேசுகிறார்களே, அங்கே என்ன நடக்கும்?

கோடை விடுமுறையில் சில நாள் முதல் ஒரு வாரம் வரை போனியோடு தங்குவது. காலையில் எழுந்ததும் முதல் சோறு போனிக்கு, பிறகுதான் தனக்கு. லாயம் கூட்டி, குளம்பு சுரண்டி, தேய்த்துவிட்டு வரிசையில் நிற்க வேண்டும். பொறுப்பாளர் வந்து சேணத்தின் அடிப்பக்கம், வாய்க்கம்பி, குளம்பு என்று ஒளிந்த இடமாகப் பார்த்துப் பார்த்து மார்க் போடுவார். வாய்க்கம்பியில் காய்ந்த புல் ஒட்டியிருந்தால் மார்க் போச்சு. மாலையில் எல்லோரும் உட்கார்ந்து தோல் சாமான்களைச் சோப்புப் போட்டுத் துடைப்பார்கள். அரட்டையெல்லாம் அப்போதுதான். வீட்டில் தட்டை எடுத்துக் கழுவாத பிள்ளை இதையெல்லாம் முகம் சுளிக்காமல் செய்வது எப்படி என்பது எங்கள் பெற்றோர் கூட்டத்தில் தீராத பேச்சு.

பெண் பிள்ளைகள்தான் நிறைய தெரிகிறார்கள். எப்போதும் அப்படித்தானா?

கிளப்பில் பெண்கள் வெகுகாலமாகவே அதிகம். வேடிக்கை என்னவென்றால் பெரியவர்களின் போட்டி உலகம் அவர்களுக்கு மூடியே கிடந்தது. ஒலிம்பிக் குதிரையேற்றம் ராணுவ அதிகாரிகளின் கோட்டை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் டிரஸாஜ், அதாவது குதிரையை ஒழுங்கான அசைவுகளில் நடத்திக் காட்டும் பிரிவில் தங்கம் வென்ற ஸ்வீடன் அணியிடமிருந்து, அணியில் ஒருவர் உண்மையில் அதிகாரி இல்லை, சார்ஜென்ட்தான் என்று கண்டுபிடித்துப் பதக்கத்தையே பறித்தார்கள். அவ்வளவு கெடுபிடி.

1952-ல் டிரஸாஜ் பெண்களுக்குத் திறந்தது. அந்த வருஷமே டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல், போலியோவால் முழங்காலுக்குக் கீழ் செயலிழந்தவர், வெள்ளி வாங்கினார். தாண்டல் போட்டி 1956-லும், டிரஸாஜ், தடைப் பாதை ஓட்டம், தாண்டல் மூன்றும் சேர்ந்த ஈவென்டிங் 1964-லும் திறந்தன. 1968 மெக்சிகோவில் பிரிட்டனின் மாரியன் கோக்ஸ், ஸ்ட்ரோலர் என்ற ஒரு போனியில் ஏறித் தாண்டல் போட்டியில் தனிநபர் வெள்ளி வென்றார். 14.2-க்கும் குறைந்த உயரம். சுற்றிலும் ராட்சதக் குதிரைகள். போனி வைத்திருந்த அத்தனை பெண் பிள்ளைகளும் அன்றைக்கு ஆகாயத்தில் நடந்திருப்பார்கள்.

எனக்கு இருப்பது பையன். அவன் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதானா?

இந்தக் கவலை கிளப்புக்கே வந்தது. பையன்கள் பாதியில் விட்டுப் போகிறார்கள் என்று பார்த்து 1960-களின் கடைசியில் 'டெட்ராத்லான்' தொடங்கினார்கள். வயல்வெளியில் தடைகளைத் தாண்டும் ஓட்டம் குதிரையில், அப்புறம் ஏர் பிஸ்டலில் சுடுதல், நீச்சல், ஓட்டம் என நான்கும் சேர்ந்தது. பையன்களுக்காக வந்ததைப் பெண்களும் பிடித்துக்கொண்டார்கள், இப்போது இருவரும் சமமாக ஆடுகிறார்கள். இது போக போலோவும் உண்டு. மணிப்பூரில் ஆடியதைப் பார்த்து ஆங்கிலேயர் கற்றுக்கொண்ட ஆட்டம்.

எங்களிடம் குதிரையும் இல்லை, வைக்க இடமும் இல்லை. பிள்ளை சேர முடியுமா?

முடியும். மேலே 'பணக்காரர் கிளப்' கேள்வியில் சொன்ன இரண்டாவது வழி இதுதான். கிளப்போடு இணைந்த ரைடிங் சென்டர்கள் இருக்கின்றன. அங்கே சேர்ந்தால் சென்டரின் போனியிலேயே கற்றுக்கொண்டு, பரீட்சை எழுதி, பேட்ஜ் வாங்கலாம். எங்கள் ஊர்த் தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் இந்த வழியில் வந்தவர்கள்தான். சவாரிக் கட்டணம் தனி என்பதையும் சொல்லிவிட வேண்டும், மலிவு இல்லை. ஆனால் சொந்தமாகப் போனி வைத்துத் தீவனம், லாடம், மருத்துவர் என்று அழுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

லண்டன் நடுவிலேயே வேறு முயற்சிகளும் உண்டு. தெற்கு லண்டன் பிரிக்ஸ்டனில் 1996-ல் தொடங்கிய எபனி ஹார்ஸ் கிளப், அடுக்குமாடிக் குடியிருப்புப் பிள்ளைகளுக்காகவே நடப்பது. அங்கே சவாரி கற்ற கதீஜா மெல்லா, 18 வயதில், 2019-ல் குட்வுட் மைதானத்தில் மக்னோலியா கோப்பைப் பந்தயத்தில் ஹிஜாப் அணிந்தபடி ஓட்டி ஜெயித்தார். பந்தயக் குதிரையில் அவர் பயிற்சி எடுத்தது சில மாதங்கள்தான்.

எத்தனை வயது வரை இருக்கலாம்?

25 வரை. முன்பு 21-தான். சின்ன வயதில் சேர்ந்தவர்கள் பிறகு சொல்லித்தருபவர்களாக அங்கேயே தங்கிவிடுவது சகஜம்.

வேறு நாடுகளிலும் இதே கிளப்தானா?

அதே வேர், தனித்தனி மரங்கள். கனடாவில் 1934-லேயே டொரன்டோவில் ஒரு கிளை வந்தது. அமெரிக்காவில் 1954-ல் தனி அமைப்பாகத் தொடங்கினார்கள். தலைமையகம் கென்டக்கியில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஊருக்கு ஊர் உண்டு. அங்கே நிலமும் குதிரையும் தாராளம் என்பதால் வேட்டைக் குழுவின் சாயல் குறைவு, ஊர்ப் பொதுத்திடல் விளையாட்டு மாதிரி நடக்கிறது. விதிகள் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும். ஆகவே மெல்பர்ன் சித்தப்பா சொன்ன விதியை வைத்துக்கொண்டு இங்கே வாதாடாதீர்கள்.

இதில் சேர்ந்தால் ஒலிம்பிக் போகலாமா?

போனவர்கள் உண்டு. இளவரசி ஆன் போனி கிளப் பிள்ளை. 1971-ல் ஐரோப்பிய ஈவென்டிங் சாம்பியன் ஆகி, 1976-ல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆடினார். அவர் மகள் ஸாரா 2012 லண்டனில் அணி வெள்ளி வாங்கினார். அமெரிக்காவில் அந்நாட்டு போனி கிளப்பில் வளர்ந்த டேவிட் ஓ'கானர் 2000 சிட்னியில் தனிநபர் தங்கம் வென்றார்.

ஆனால் இதை நம்பிச் சேர்க்காதீர்கள். சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பதினாறு பதினேழில் பரீட்சை, படிப்பு என்று குறைத்துக்கொள்கிறார்கள். சிலர் கால்நடை மருத்துவம் படிக்கப் போகிறார்கள்.

விழுந்தால் என்ன ஆகும்? ஆபத்தில்லையா?

விழத்தான் செய்வார்கள். பழைய போட்டோக்களில் பிள்ளைகள் தாடைப்பட்டை இல்லாத வெல்வெட் தொப்பியோடு, சில சமயம் வெறும் தலையோடு வேலி தாண்டுவதைப் பார்க்கலாம். அந்தக் காலம் முடிந்தது. இப்போது தரச்சான்று பெற்ற ஹெல்மெட் இல்லாமல் ஏற விட மாட்டார்கள். அதிகாரி ஒருவர் ஹெல்மெட்டைச் சோதித்து, பட்டையில் வண்ண டேக் மாட்டிவிடுவார். டேக் இல்லையென்றால் போட்டியில்லை. தடைப் பாதையில் ஓடும்போது மார்புக் கவசமும் கட்டாயம்.

பெற்றோருக்கு ஒரே ஒரு எச்சரிக்கை: யாரோ உபயோகித்த ஹெல்மெட்டை வாங்காதீர்கள். ஒருமுறை பலமாக அடிபட்டிருந்தால் வெளியே கீறல்கூடத் தெரியாது, உள்ளே வேலை செய்யாது.

முதுகில் ஏறுவதே வதைதானே? அதைப் பிள்ளைக்கு ஏன் பழக்க வேண்டும்?

இந்தக் கேள்வியை இப்போது குதிரைக்காரர்களே கேட்டுக்கொள்கிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-ல், 'மாடர்ன் பென்டத்லான்' என்ற ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த போட்டியில் முன்னிலையில் இருந்த ஜெர்மானிய வீராங்கனைக்குக் கிடைத்த குதிரை தாண்ட மறுத்தது. அவர் அழுதபடி சாட்டையை வீச, பயிற்சியாளர் வேலிக்கு வெளியிலிருந்து குதிரையைக் கைமுட்டியால் குத்தினார். உலகமே பார்த்தது. அதன் விளைவாகப் பாரிஸ் 2024-க்குப் பிறகு அந்தப் போட்டியிலிருந்து குதிரையையே எடுத்துவிட்டார்கள்.

அங்கே கோளாறு விதியில் இருந்தது. முன்பின் பார்க்காத குதிரையைக் குலுக்கலில் கொடுத்து, பழகிக்கொள்ள இருபது நிமிஷம் தருவார்கள். டெட்ராத்லானில் பிள்ளைகள் ஏறுவது பெரும்பாலும் தாங்களே தீனி போட்டு, சாணி அள்ளி, குளம்பு சுரண்டிய போனியில். அதனால் இங்கே வதை நடக்கவே நடக்காது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சாட்டை, வாய்க்கம்பி, ஓட்டுபவரின் எடை இவை பற்றிய விதிகள் இறுகிக்கொண்டே வருகின்றன, இன்னும் இறுக வேண்டும். ஏறவே கூடாது என்பது உங்கள் முடிவானால் அதையும் மதிக்கிறேன். லாய வேலையை மட்டும் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கும் இங்கே இடமிருக்கிறது, குதிரைப் பராமரிப்புக்கென்றே தனிப் பேட்ஜுகளும் உண்டு.

நம்ம ஊரில் இந்த மாதிரி ஏதாவது உண்டா?

இதே அளவில் ஊருக்கு ஊர் கிளை வைத்த இளையோர் அமைப்பு இல்லை. ஆனால் என்சிசி-யில் 'ரீமவுண்ட் அண்ட் வெட்டரினரி' என்று ஒரு பிரிவு இருக்கிறது. கால்நடை மருத்துவக் கல்லூரிகளை ஒட்டி நடப்பது. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் உண்டு. கேடட்கள் சவாரியும் கற்கலாம், பராமரிப்பும் கற்கலாம், குடியரசு தின முகாமில் போட்டியும் உண்டு. ராணுவம், மருத்துவம், மாணவர் மூன்றும் சேர்ந்த இந்த ஏற்பாடு, ஒருவகையில் 1929-ன் யோசனைக்கு ரொம்ப தூரமில்லை.

மற்றபடி சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் ரைடிங் ஸ்கூல்கள் இருக்கின்றன. பெங்களூருவில் சிறுவயதில் சவாரி கற்ற ஃபவாத் மிர்சா 2018 ஆசிய விளையாட்டில் ஈவென்டிங்கில் தனிநபர் வெள்ளியும் அணி வெள்ளியும் வென்று, டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் போனார். ஊரில் இருக்கும் பேரப்பிள்ளைக்கு ஆசை வந்திருந்தால் இப்போதைக்கு ரைடிங் ஸ்கூலில் தொடங்கலாம். சேர்ப்பதற்கு முன் ஒருமுறை அறிவிக்காமல் போய், மத்தியான வெயிலில் தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.